கை படாத வண்டி

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின ஒரு வாரமும் கௌசல்யாவுக்குச் சோறு சரியாக இறங்கவில்லை. கிள்ளிப்பாலத்தில் அவள் வேலை பார்த்த சீட் கவர் கடையில் மெஷினை மிதித்துக்கொண்டே இருப்பாள். குனிந்து பார்த்தால் தையல் ஓரத்தை விட்டுக் கோணலாக ஓடியிருக்கும். பிரித்துவிட்டு மறுபடியும் தைப்பாள். பதினாறு வருஷமாக ரெக்ஸினும் தோலும் தைத்துப் பழகிய கைக்கு அப்படி ஆனதே கிடையாது.

விஷயம் ஒரு கார் கண்காட்சி. திருவனந்தபுரத்துப் பழைய கார்க்காரர்கள் வருஷா வருஷம் புத்தரிக்கண்டம் மைதானத்தில் வண்டிகளை வரிசையாக நிறுத்தி, நல்ல வண்டிக்குக் கோப்பை கொடுப்பார்கள். போன வருஷம் கோப்பை வாங்கிய நாலு பேரும் கமிட்டி ஆட்கள். நடுவர்களும் அவர்களுடைய சிநேகிதர்கள். எதற்கு எவ்வளவு மார்க் என்று யாரும் சொல்லவில்லை. தோற்றவர்கள் மைதானத்திலேயே சண்டை போட்டார்கள். இனிமேல் ஒழுங்காக நடத்தினால்தான் வருவோம் என்று பாதிப் பேர் விலகிக்கொண்டார்கள். அதனால் இந்த வருஷம் மதிப்பெண் தாள் அச்சடித்தார்கள். நடுவர்கள் வெளியாட்களாக இருக்க வேண்டும், அதிலும் வேலை தெரிந்தவர்களாக இருக்க வேண்டும் என்று முடிவானது. பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் பாடம் எடுத்து ஓய்வுபெற்ற சிபி சாரைத் தலைமை நடுவராகப் போட்டார்கள்.

சிபி சாருக்குக் கௌசல்யாவைத் தெரியும். ஒருமுறை தன்னுடைய ஜீப்பின் சீட்டைக் கடைக்குக் கொண்டுவந்து, "ஒறிஜினல் தையலாக்கும், கேட்டோ. பாத்துச் செய்யணும்" என்றார். அவள் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்து, "இல்ல சார், இது ரெண்டு வருஷத்துத் தையல். நூலு வழுக்குதுல்லா" என்று சொன்னாள். விற்றவனைப் போய்க் கேட்டபோது அவள் சொன்னது சரியாக இருந்தது. அதை அவர் மறக்கவில்லை. உள்ளலங்காரத்துக்கு மார்க் போட ஆள் வேண்டும் என்றதும் நேரே கடைக்கு வந்து கேட்டார். கௌசல்யா அன்று சந்தோஷமாகச் சரி என்றாள். படிப்பு எட்டாம் கிளாஸ். தன்னை நடுவர் என்று ஒருவர் கூப்பிட்டது அவளுக்கு இரண்டு நாள் நெஞ்சுக்குள் இனித்துக்கொண்டே கிடந்தது.

மூன்றாம் நாள் போனில் வண்டிகளின் பட்டியல் வந்தது. மலையாளத்தில் இருந்ததால் பிளஸ் ஒன் படிக்கிற மகள் அனுஷா வாசித்தாள். கௌசல்யாவுக்குக் கொடுத்திருந்தது, மாற்றம் எதுவும் செய்யாத வண்டிகளின் பிரிவு. கம்பெனியிலிருந்து வந்தபோது எப்படி இருந்ததோ அப்படியே காப்பாற்றப்பட்ட வண்டிகள். மொத்தம் ஒன்பது.

"ஆறாமத்தது நம்ம மொதலாளிக்க வண்டியாக்கும் அம்மா. கறுப்பு ஃபியட். ஆயிரத்தித் தொள்ளாயிரத்தி அறுபத்தொண்ணு. 'இதுவரை ஒரு கையும் படாதது'ன்னு போட்டிருக்கு."

கௌசல்யா கஞ்சிக்குப் பயறு தாளித்துக்கொண்டிருந்தாள். கடுகு கருகிப் புகைந்த பிறகுதான் அடுப்பை அணைத்தாள்.

முதலாளி என்றால் விஜய்குமார். ஆரியசாலையில் அவருக்கு மொத்த வியாபாரம்: வற்றல், மல்லி, புளி, கருப்பட்டி. கௌசல்யாவின் புருஷன் இசக்கிப்பாண்டிக்கு அவருடைய கிட்டங்கியில் பதினோரு வருஷ வேலை. லாரி வந்தால் இறக்குவது, சரக்கை இனம் பிரித்து அடுக்குவது, சாவி வைத்திருப்பது எல்லாம் அவன்தான். கிட்டங்கிக்குப் பின்னால் இருந்த இரண்டு அறையில்தான் அவர்கள் குடியிருந்தார்கள். அந்த அறைகளும் முதலாளியுடையவை. துணி, தலையணை, அனுஷாவின் புத்தகம், எதை எடுத்தாலும் லேசாக வற்றல் நெடி அடிக்கும். விஜய்குமார் கெட்டவர் இல்லை. சீனி மூட்டை சரிந்து இசக்கிப்பாண்டிக்கு இடுப்பில் அடிபட்டபோது, ஆஸ்பத்திரி வாசலில் கௌசல்யாவோடு சேர்ந்து அவரும் ஒரு பகல் முழுக்க வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருந்தார்.

அந்த ஃபியட் அவருடைய அப்பா வாங்கியது. அதன் பின்சீட்டைத் தைத்தவள் கௌசல்யா.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அந்தச் சீட்டை எலி குதறிவிட்டது. முதலாளி அதைக் கழற்றி வீட்டுக்கே கொடுத்துவிட்டார். "சினிமாக்காரங்க ஷூட்டிங்குக்குக் கேக்காங்க கௌசல்யா. பாத்தா பழசு மாதிரியே இருக்கணும். புதுசுன்னு எவனும் சொல்லிரப்பிடாது" என்றார். அவள் பதினைந்து நாள் மினக்கெட்டாள். அந்தக் காலத்துப் புள்ளி போட்ட ரெக்ஸினை எங்கேயோ ஒரு பழைய கடையில் தேடிப் பிடித்தாள். உப்புத்தாளால் தேய்த்து, தேயிலைத் தண்ணீரில் நனைத்து நிழலில் காயவைத்து, ஆள் உட்காருகிற இடத்தில் மடித்து மடித்து வெடிப்பு உண்டாக்கினாள். உள்ளே மட்டும் தேங்காய் நாரும் பஞ்சும் வைக்காமல் ஃபோம் போட்டாள். சினிமாவில் யார் சீட்டுக்கு அடியில் பார்க்கப் போகிறார்கள்? வேலை முடிந்தபோது அவளுக்கே அது அறுபது வருஷத்துச் சீட்டு போலத்தான் தெரிந்தது. சினிமாக்காரர்கள் யாரும் வரவில்லை. அவளும் அதை அத்தோடு மறந்துபோனாள்.

இப்போது அனுஷா விதிகளை வாசித்தாள். நாலாவது விதி கௌசல்யாவை உட்காரவைத்துவிட்டது. போட்டிக்கு வந்த வண்டியில் எப்போதாவது வேலை செய்தவர் அந்தப் பிரிவுக்கு நடுவராக இருக்கக் கூடாது. காலையில் எல்லா நடுவர்களும் ஒரு படிவத்தில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்: வேலை செய்தது உண்டா இல்லையா, உண்டென்றால் எந்த வண்டி, என்ன வேலை, எந்த வருஷம்.

*

சனிக்கிழமை சாயங்காலம் இசக்கிப்பாண்டி கிட்டங்கியைப் பூட்டிவிட்டு வந்தான். மரச்சீனிக் கிழங்கு அவித்து, சாளை மீன் கறி வைத்திருந்தாள். அனுஷா டியூஷனுக்குப் போயிருந்தாள். துலா மாத மழை பெய்யவும் செய்யாமல் விலகவும் செய்யாமல் வானத்தை அடைத்துக்கொண்டு நின்றதில் அறைக்குள் வேர்த்துக் கொட்டியது.

"மொதலாளி கூப்பிட்டுப் பேசுனாவ" என்றான் இசக்கிப்பாண்டி.

"என்ன சொன்னாவ?"

"ஒண்ணும் பெருசா இல்ல. நம்ம கௌசல்யாதான் ஜட்ஜாமே, நல்ல காரியம்னாவ. அவ ஒண்ணும் கூட்டிக் குறைச்சுப் போட வேண்டாம், எல்லாருக்கும் போடுத மாதிரி போடட்டும், அந்தச் சீட்டுக் காரியத்த மட்டும் வெளிய எடுக்காம இருந்தா போதும்னாவ."

"அது கூட்டிப் போடுததுதான?"

"எனக்கு என்னட்டி தெரியும்? அவிய சொன்னத சொல்லுதேன்."

"சினிமாவுக்குன்னுலா தச்சு வாங்குனாவ. இப்போ கை படாத வண்டிங்காவ."

இசக்கிப்பாண்டி கிழங்கைப் பிட்டுக் கறியில் முக்கினான். சாப்பிடாமல் கையிலேயே வைத்திருந்தான். "அவிய அப்பா வண்டி. பத்து பேரு பாத்து மெச்சணும்னு ஒரு ஆசை. எலி கடிச்சா மனுசன் என்ன செய்வான்?"

"எலி கடிச்சதுன்னே சொல்லிட்டு வேற பிரிவுல நிறுத்தியிருக்கலாம். அதுக்குந் தனியா இருக்கு."

"இத நான் போயி அவியகிட்ட சொல்லவா?"

கௌசல்யா தட்டை ஓரமாக நகர்த்தினாள். "எனக்குக் காய்ச்சல்னு சொல்லிரட்டா? போகவே வேண்டாம்" என்றாள்.

"அதையும் கேட்டாச்சு. உனக்குப் பதிலா வேற ஆளு வந்தா நோண்டிப் பாப்பானாம். நீ இருந்தாத்தான் நல்லதுங்காவ."

"அப்போ அந்த ஃபாரத்துல என்ன எழுத?"

"இல்லன்னு எழுது."

"பொய்க் கையெழுத்தா?"

"ஏட்டி, கொஞ்சம் மெதுவாப் பேசு." இசக்கிப்பாண்டி கதவைப் பார்த்தான். கிட்டங்கிக்கும் அறைக்கும் நடுவே ஒரு பலகைச் சுவர்தான். "பிள்ளைக்கு இன்னும் ஒண்ணரை வருஷம் இருக்கு ஸ்கூலு. இங்கன இருந்தா நடந்து போவா, நடந்து வருவா. எனக்கு நாப்பத்தெட்டு வயசாச்சு. இனி எவன் கிட்டங்கியில போயி மூட்டை தூக்க? ஒரே ஒரு தடவ கௌசல்யா. ஒரு சீட்டு. யாருக்கு என்ன நட்டம்?"

யாருக்கு என்ன நட்டம் என்று அவளுக்கும் அப்போது சொல்லத் தெரியவில்லை. மற்ற எட்டு வண்டிக்காரர்களையும் அவள் பார்த்ததில்லை. சாளைக் கறி இரண்டு பேர் தட்டிலும் ஆறி ஆடை கட்டிப் போனது.

*

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணிக்கே மைதானத்தில் வண்டிகள் வந்துவிட்டன. மேற்கே மேகம் கறுத்திருந்தது. ஒவ்வொருவரும் வண்டியைத் துடைப்பதும் வானத்தைப் பார்ப்பதுமாக இருந்தார்கள். தார்ப்பாய்கள் வண்டிகளுக்கு அருகில் தயாராகச் சுருட்டிக் கிடந்தன.

நடுவர்களுக்கென்று ஒரு பந்தல். இந்தப் பிரிவுக்கு மூன்று பேர்: சிபி சார், கௌசல்யா, சுப்புலக்ஷ்மி. சுப்புலக்ஷ்மி கரமனை அக்ரஹாரத்து அம்மாள். அருங்காட்சியகத்தில் பழைய சாமான்களைப் பழுது பார்க்கிற பிரிவில் முப்பது வருஷம் இருந்துவிட்டு ஓய்வுபெற்றவள். கையில் ஒரு பூதக்கண்ணாடி வைத்திருந்தாள்.

"உக்காருடி கொழந்தே. காப்பி குடிச்சியோ? முகமெல்லாம் வாடியிருக்கே" என்றாள்.

சிபி சார் படிவங்களை நீட்டினார். "வாசிச்சுட்டு கையொப்பிடணும். போன வருஷம் இது இல்லாததுனாலதான் அத்தனை வழக்கும் வந்தது."

கௌசல்யா பேனாவைப் பிடித்தாள். உண்டு, இல்லை என்று இரண்டு கட்டம். பந்தலுக்கு வெளியே, ஆறாவது இடத்தில், கறுப்பு ஃபியட்டின் கண்ணாடியை இசக்கிப்பாண்டி துடைத்துக்கொண்டிருந்தான். வண்டிக்குப் பொறுப்பாக முதலாளி அவனைத்தான் நிறுத்தியிருந்தார். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தான். அவள் இல்லை என்ற கட்டத்தில் குறி போட்டுக் கையெழுத்து வைத்தாள். படிவம் மற்ற தாள்களோடு பைலுக்குள் போய்விட்டது. அவ்வளவு சுலபமாக முடியும் என்று அவள் நினைக்கவில்லை.

சிபி சார் முறையைச் சொன்னார். ஒரு வண்டிக்குப் பன்னிரண்டு நிமிஷம், கூடவும் இல்லை, குறையவும் இல்லை. எல்லா வண்டியையும் ஒரே வரிசையில் பார்க்க வேண்டும்: முன்பக்கம், இடது, பின்பக்கம், வலது, உள்ளே, எஞ்சின். சொந்தக்காரர் கதை சொன்னால் காதில் போட வேண்டாம். அசல் தன்மைக்கு அறுபது மார்க், பராமரிப்புக்கு நாற்பது. தெரிந்தவர் வண்டி, தெரியாதவர் வண்டி என்றில்லை. கண்ணால் கண்டதற்கு மட்டும் மார்க்.

"வேற ஏதெங்கிலும் சேர்க்கணுமா? இப்போ சொன்னாச் சேர்க்கலாம். ஆரம்பிச்ச பிறகு முடியாது."

"பின்சீட்டைத் தூக்கிப் பாக்கணும் சார்" என்றாள் கௌசல்யா.

வார்த்தை வெளியே வந்த பிறகுதான் தான் சொன்னது அவளுக்கே உறைத்தது.

"மேல பாத்தா ஒண்ணும் தெரியாது. மேல எப்படி வேணும்னாலும் தைக்கலாம். அடியிலதான் உள்ளது தெரியும். ஒரு வண்டிக்கு மட்டும் இல்ல சார், எல்லா வண்டிக்கும்."

சிபி சார் மேசையைத் தட்டினார். "சரியாணு! அதுக்காக்கும் வேலை தெரிஞ்ச ஆளு வேணும்னு நான் சொன்னது." எல்லாத் தாளிலும் தன் கையாலேயே ஒரு வரி சேர்த்தார். வண்டிக்காரர்களிடம் சொல்லிவிட்டு வர ஒரு ஆள் போனான்.

அவன் ஆறாவது வண்டியிடம் போனதைக் கௌசல்யா பார்த்தாள். விஜய்குமார் வெள்ளை வேட்டியும் சட்டையுமாக நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கேட்டுவிட்டு, மெதுவாகப் பந்தல் பக்கம் திரும்பினார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

ஐந்து நிமிஷத்தில் இசக்கிப்பாண்டி தண்ணீர் பிடிக்க வருகிறவன் போலப் பந்தலுக்குப் பின்னால் வந்தான்.

"என்ன காரியம் செஞ்சிருக்கட்டி நீ?"

"வாயில வந்துட்டு."

"வாயில வந்துட்டா? ராத்திரி பூரா என்ன பேசுனோம்?" அவன் முகம் வெளுத்திருந்தது. "சீட்டு இறுகிப்போச்சு, தூக்க வராதுன்னு சொல்லச் சொல்லுதாவ. நான்தான் சொல்லணுமாம். நீ கேக்க, நான் சொல்ல. நல்லா இருக்கா?"

"சொல்லிருங்க."

"சொல்லிருவேன்" என்றான். வாளியை நிரப்பாமலே எடுத்துக்கொண்டு போனான்.

*

மூன்றாவது வண்டி ஒரு வெளிர்நீல ஹெரால்டு. அதன் சொந்தக்காரி தாசம்மாள், வித்துராவிலிருந்து தானே ஓட்டிக்கொண்டு வந்திருந்தாள். எஸ்டேட் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வுபெற்றவள், எழுபது வயதிருக்கும். வண்டியின் பெயின்ட் அங்கங்கே உதிர்ந்திருந்தது. பின்சீட்டில் ஒரு முழ நீளத்துக்குக் கிழிசல். அதை மறைக்க எந்தத் துணியும் போடவில்லை.

"இத தைக்கலாமே அம்மா?" என்று சுப்புலக்ஷ்மி கேட்டாள்.

"என்னத்துக்கு? தச்சா அது எனக்க வண்டி ஆகாது. என்னக் கெட்டுன மாப்பிள இருக்கும்போ கிழிஞ்சது. எஸ்டேட்டுல ஒருத்திக்குப் பேறுகால நோவு வந்தப்போ, இதுலதான் ஏத்திட்டுப் போனது. அவளுக்க கால்ல கிடந்த தண்டை கிழிச்சுப் போட்டது."

சிபி சார் கையை உயர்த்தினார். "கதை வேண்டா அம்மா. சீட்டைத் தூக்கணும்."

தாசம்மாள் உதவிக்கு யாரையும் கூப்பிடவில்லை. சேலையை இடுப்பில் செருகி, குனிந்து, ஒரு முனகலோடு சீட்டை நெம்பித் தூக்கினாள். மூச்சு வாங்கியது. கௌசல்யா உட்கார்ந்து டார்ச் அடித்துப் பார்த்தாள். துருவேறிய சுருள்கம்பிகளுக்கு மேலே பழுப்பு நிறத்தில் தேங்காய் நார், அதற்கு மேலே கட்டி கட்டியாக உறைந்த பஞ்சு. பருத்தி நூல் இற்றுப் போயிருந்தது. ஒரு மூலையில் கொண்டை ஊசி ஒன்று துருப்பிடித்துக் கம்பியோடு ஒட்டிக் கிடந்தது. யாரும் ஒரு தரம்கூட இதைத் திறந்ததில்லை. அவளுக்குக் கண் கலங்கியது. நிமிர்ந்தபோது, ஆறாவது இடத்திலிருந்து இசக்கிப்பாண்டியும் இதையே பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்டாள்.

நாலு, ஐந்து முடிந்தது. ஆறாவது வண்டிக்கு வந்தார்கள்.

கறுப்பு ஃபியட் பளபளத்தது. விஜய்குமார் எழுந்து கும்பிட்டார். "அப்பா எடுத்த வண்டி சார். ஒரு ஊசி பட்டதில்ல." சிபி சார் கேட்காததுபோல முன்பக்கம், இடது, பின்பக்கம் என்று முறையாகப் போனார். உள்ளே தலை நீட்டிய சுப்புலக்ஷ்மி, "அடடா, எவ்வளவு நன்னா வச்சிண்டிருக்கேள்! இந்த ஓரம் தேஞ்சிருக்கிற அழகைப் பாருங்கோ" என்றாள். அவள் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தது கௌசல்யா உப்புத்தாள் தேய்த்த இடம்.

சிபி சார் கடிகாரத்தைப் பார்த்தார். "சீட்டு."

கேட்க வேண்டியவள் அவள். உள்ளே பார்ப்பது அவள் பொறுப்பு.

"பின்சீட்டைத் தூக்குங்க" என்றாள், யாரோ அந்நியரிடம் சொல்வதுபோல.

இசக்கிப்பாண்டி அசையவில்லை. விஜய்குமார் அவனைப் பார்த்தார். அவன் தரையைப் பார்த்தான். தூரத்தில் ஒரு இடி உருண்டது. இரண்டு பேர் தார்ப்பாயைப் பிரிக்க ஆரம்பித்தார்கள்.

"என்னா? வராதா?" என்றார் சிபி சார்.

"வரும் சார்" என்றான் இசக்கிப்பாண்டி.

கதவைத் திறந்து, உள்ளே குனிந்து, ஒரே தூக்கில் சீட்டைத் தூக்கி நிறுத்தினான். கம்பிகளுக்கு நடுவே மஞ்சள் ஃபோம் பிதுங்கிக்கொண்டு நின்றது. அதற்கு டார்ச் தேவைப்படவில்லை.

"அய்யோ" என்றாள் சுப்புலக்ஷ்மி.

பிறகு விஜய்குமார் கிட்டே வந்து குனிந்து பார்த்தார். அவர் முகத்தில் ஆச்சரியம் வந்தது. "இது எப்படி? சாரே, எனக்கு இது தெரியாது. ஏதோ ஒர்க்‌ஷாப்புல விட்டப்போ எவனோ தையக்காரன் மாத்திப் போட்டிருக்கான். ஏமாத்திட்டான் பாருங்க." அதைச் சொல்லும்போது அவர் கௌசல்யாவைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. வா, இந்த வழியாக வெளியே வந்துவிடு என்பதுபோல இருந்தது.

அவள் தாளில் மார்க்கை எழுதிவிட்டு ஏழாவது வண்டிக்குப் போனாள்.

*

ஒரு மணிக்குப் பந்தலில் உட்கார்ந்து கூட்டினார்கள். எல்லாம் நல்லபடி முடிந்தது என்று கௌசல்யா தனக்குத் தானே சொல்லிப் பார்த்தாள். பொய் வண்டி மேலே வரவில்லை. முதலாளிக்கும் சொல்ல ஒரு காரணம் கிடைத்துவிட்டது. வேலை போகாது, வீடு போகாது. தாசம்மாளின் ஹெரால்டுதான் முதலில் வந்தது. மூன்று பேர் மார்க்கும் சேர்ந்து இருநூற்று முப்பத்தேழு. அடுத்து நெய்யாற்றின்கரைக்காரர் ஒருவருடைய பச்சை மோரிஸ், இருநூற்று இருபத்துநாலு.

சிபி சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பாவம் அந்தக் கடைக்காரர். எவனோ பற்றிச்சு ஏமாத்தியிருக்கான். எத்தனை நல்ல கள்ள வேலை, பாத்தீங்களா? நம்ம கௌசல்யா சொல்லல்லன்னா நாம மூணு பேரும் ஏமாந்திருப்போம். அடுத்த வருஷம் எல்லாப் பிரிவுக்கும் இவங்களைக் கூப்பிடணும். நேர்மையான ஆளு."

சுப்புலக்ஷ்மி அவள் முதுகைத் தட்டினாள். தட்டிய இடம் சுட்டது.

"சார், அந்தச் சீட்டைத் தச்சது நாந்தான்."

சிபி சார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவளைப் பார்த்தார்.

"மூணு வருஷத்துக்கு முன்ன தச்சேன். அவிய வீட்டுல இருக்கோம் சார். அங்கன நின்னது என் மாப்பிள. காலையில இல்லன்னு எழுதுனது பொய்யி. தெரிஞ்சேதான் எழுதுனேன்."

ஒருவர் பின் ஒருவராக வெளியே ஆட்கள் தார்ப்பாய் போர்த்துகிற சத்தம் கேட்டது. சிபி சார் பைலைத் திறந்து அவளுடைய படிவத்தை எடுத்தார். வாசித்தார். அப்புறம் அவளுடைய ஒன்பது மதிப்பெண் தாள்களையும் எடுத்து, ஒவ்வொன்றின் மேலும் குறுக்கே கோடு போட்டார்.

"இருங்கோ" என்றாள் சுப்புலக்ஷ்மி. "அந்த ஒரு வண்டியைத் தள்ளுங்கோ, சரி. மத்த எட்டும் அவ ஒழுங்காத்தானே போட்டிருக்கா? நீங்களே பார்த்தேளே."

"ஒழுங்காயிருக்கலாம். ஆனா நாலாம் விதிப்படி இவங்க இந்தப் பிரிவிலேயே இருக்கப்பிடாது. இவங்க எனக்குத் தெரிஞ்ச ஆளு, நான் கொண்டுவந்த ஆளு. இவங்களுக்கு நான் ஒரு சலுகை கொடுத்தா, போன வருஷத்துக்காரங்களுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?" அவர் குரல் உடைந்திருந்தது. இரண்டு பேர் மார்க்கை மட்டும் திரும்பக் கூட்டினார். ஹெரால்டு நூற்று ஐம்பத்திரண்டு. மோரிஸ் நூற்று ஐம்பத்துநாலு.

கௌசல்யா அந்த எண்களைப் பார்த்தாள். "சார், அந்த அம்மாவுக்குக் கோப்பை இல்லாமப் போயிருமே."

"போயிற்று" என்றார் சிபி சார். "காரணமும் மைக்கில சொல்லணும். போன வருஷம் காரணம் சொல்லாததாக்கும் அத்தனை குழப்பத்துக்கும் காரணம்."

"சொல்லுங்க சார்."

அவர் சொன்னார். அவள் பெயரையும் சொன்னார். வண்டி எண்ணையும் சொன்னார். மைதானம் முழுக்கத் திரும்பி அவளைப் பார்த்தது. விஜய்குமார் நாற்காலியிலிருந்து எழுந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, யாரிடமும் பேசாமல் வண்டியின் மறுபக்கம் போய் நின்றார்.

தாசம்மாள் நேராகக் கௌசல்யாவிடம் வந்தாள்.

"நீ எனக்கு எத்தர மார்க்கு போட்ட?"

"எண்பத்தஞ்சு."

"அப்போ உனக்க கணக்குல நான் ஜெயிச்சேன்."

"ஆமாம்மா."

"காலையில ஒரு வரி எழுதியிருந்தா உனக்குப் பதிலா இன்னொருத்தரப் போட்டிருப்பாவ. அவிய மோரிஸவிட எனக்கு மூணு மார்க்கு கூடுதலாப் போட்டிருந்தா எனக்க வண்டி ஜெயிச்சிருக்கும். போடாம இருந்தா நேராத் தோத்திருப்பேன். இப்போ நான் தோத்ததா, ஜெயிச்சதா? யாருக்குத் தெரியும்?" கிழவியின் உதடு துடித்தது. "உனக்க மனசு குத்துனதுக்கு எனக்க வண்டியா பிள்ள கெடச்சது?"

தப்பும்மா என்று சொல்லக் கௌசல்யா வாயைத் திறந்தாள். அதற்குள் மழை சடசடவென்று இறங்கிவிட்டது.

எல்லாரும் ஓடினார்கள். கறுப்பு ஃபியட்டின் மேலே தார்ப்பாய் பாதிதான் ஏறியிருந்தது. விஜய்குமார் ஒற்றை ஆளாக ஒரு முனையை இழுத்துக்கொண்டிருந்தார். காற்றில் அது அவர் மேலேயே திரும்ப விழுந்தது. இசக்கிப்பாண்டி கொஞ்ச நேரம் நின்று பார்த்தான். பிறகு ஓடிப்போய் மறுமுனையைப் பிடித்தான். இரண்டு பேரும் எதிரெதிரே நின்று, கயிற்றைச் சக்கரத்தோடு சேர்த்து இழுத்துக் கட்டினார்கள். கட்டி முடித்த பிறகு முதலாளி ஏதோ சொன்னார். இவன் இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்துக் கொடுத்தான்.

ஹெரால்டின் பின்சக்கரம் சேற்றில் புதைந்து சுழன்றது. கௌசல்யா நனைந்துகொண்டே போய்ப் பின்னால் தோள் கொடுத்தாள். இசக்கிப்பாண்டியும் வந்து சேர்ந்தான். மூன்றாவது தள்ளலில் வண்டி மேடேறியது. தாசம்மாள் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கினாள்.

"அடுத்த வருஷமும் வருவேன். அன்னைக்கும் சீட்டத் தூக்கணும்னு அந்தச் சாருகிட்ட சொல்லி வை" என்றாள். நன்றி சொல்லவில்லை. வண்டி ரோட்டில் இறங்கிக் கிழக்கே போனது.

*

அட்டக்குளங்கரை வழியாக இரண்டு பேரும் ஒரு குடையில் நடந்தார்கள். தெருவில் தண்ணீர் கணுக்காலுக்கு ஓடியது.

"என்ன சொன்னாவ?"

"மாசக் கடைசிவரைக்கும் வேலைக்கு வரச் சொன்னாவ. வீட்டையும் அதுக்குள்ள ஒழிக்கணுமாம். சத்தம் ஒண்ணும் போடல. சத்தம் போட்டிருந்தா நல்லா இருந்திருக்கும்."

"என்னால வந்தது."

"இல்லன்னு எழுதச் சொன்னது நாந்தான. அதையும் சேத்துக்க."

தம்பானூர்ப் பக்கம் ஒரு ஹோட்டலில் சரக்கறைக்கு ஆள் தேடுவதாகப் போன மாதம் யாரோ சொன்னது, கரமனைப் பக்கம் வாடகை எப்படி இருக்கும், அனுஷா பள்ளிக்கூடத்துக்கு எந்த பஸ்ஸில் போவாள் என்று அவன் ஒவ்வொன்றாகப் பேசிக்கொண்டே வந்தான். பேச்சு நின்றால் பயம் வந்துவிடும் என்பதுபோல இருந்தது அது. கௌசல்யா ஊம் கொட்டினாள். ஆரியசாலைச் சந்து திரும்பும் இடத்தில் அவள் கேட்டாள்.

"இறுகிப்போச்சுன்னு சொல்லச் சொன்னாவள்லா. நீங்களும் சொல்லுதேன்னுதான சொல்லிட்டுப் போனிய. ஏன் சொல்லல?"

எதிரே வந்த ஆட்டோ தெறிக்கவிட்ட தண்ணீர் படாமல் இசக்கிப்பாண்டி அவளைச் சுவர் ஓரமாகத் தள்ளினான்.

"அந்த ஹெரால்டுக்கார அம்மாவப் பாத்தேன். அந்த வயசுல ஒத்தையில குனிஞ்சு மூச்சு முட்டத் தூக்குச்சுல்லா. ஏன் எதுக்குன்னு ஒரு வார்த்த கேக்கல. அதுக்குப் பொறவு மூணு வண்டி தள்ளி நின்னுக்கிட்டு, எனக்கு மட்டும் வரல, இறுகிப்போச்சுன்னு எப்படிட்டி சொல்ல?" குடையை அவள் பக்கம் சாய்த்தான். "நட. பிள்ள தனியா இருக்கும்."